திறக்கும்போதெல்லாம் டிஸ்க் செக்: பராமரிப்பு மென்பொருள் போட்ட முடிச்சை அவிழ்ப்பது எப்படி

கணினியை ஆன் செய்கிறீர்கள். கறுப்புத் திரையில் "ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ் சி:" என்று சதவீதக் கணக்கு ஓடுகிறது. முடிந்ததும் விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது, கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்தால் திரும்பவும் முதலிலிருந்து. வட்டு போய்விட்டது என்று பயந்து புதிது வாங்குவோரும் உண்டு, சோதனையையே நிரந்தரமாக நிறுத்தி வைப்போரும் உண்டு. இரண்டுமே அவசரம். சில நாள் முன்பு "ஒரே கிளிக்கில் கணினியைச் சீராக்கும்" வகை மென்பொருள் எதையாவது நிறுவியிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வட்டைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் என்பது சி-எச்-கே-டி-எஸ்-கே. கணினி எழும்போது வரும் சோதனையை நிர்வகிக்கும் செக்என்டிஎஃப்எஸ் என்பது சி-எச்-கே-என்-டி-எஃப்-எஸ் (இந்த டி, "டைம்" என்பதன் முதல் எழுத்து). எஃப்எஸ்யூடில் என்பது எஃப்-எஸ்-யூ-டி-ஐ-எல், இங்கும் அதே டி. எல்லாவற்றையும் கமாண்ட் பிராம்ப்டில், "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்த ஜன்னலில்தான் ஓட்ட வேண்டும்.

சோதனையை யார் கூப்பிடுகிறார்கள்?

விண்டோஸ் எழும்போது செஷன் மேனேஜர் என்ற பகுதி, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் பூட் எக்ஸிக்யூட் என்ற பட்டியலைப் படித்து அதில் உள்ளவற்றை வரிசையாக ஓட்டும். சாதாரணக் கணினியில் அங்கே ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே *. ஆட்டோசிஎச்கே என்பது கணினி எழும்போது ஓடும் செக்டிஸ்க். கடைசியில் உள்ள நட்சத்திரக் குறிக்கு "எல்லா வால்யூமையும் பார், டர்ட்டி பிட் ஏறியிருப்பதை மட்டும் சோதி" என்று பொருள். வால்யூம் என்பது சி, டி என்று எழுத்துப் பெற்ற வட்டுப் பகுதி. டர்ட்டி பிட் என்பது அந்த வால்யூமிலேயே எழுதப்படும் ஒரு சிறு குறி. கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாட்டின்) அமைப்பில் ஏதோ முரண்பாடு என்று விண்டோஸுக்குச் சந்தேகம் வந்தால் அது ஏறும்.

ஆக, சோதனை வர வழிகள் இரண்டு. டர்ட்டி பிட் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ அந்தப் பட்டியலில் "சி டிரைவைக் கட்டாயம் சோதி" என்று தனி வரி சேர்த்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் கைவைத்தால் நாள் முழுக்க ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 7 வரை திரையே இதைச் சொல்லிவிடும். "எ டிஸ்க் செக் ஹேஸ் பீன் ஷெட்யூல்டு" என்று வந்தால் யாரோ முன்பதிவு செய்திருக்கிறார்கள். "ஒன் ஆஃப் யுவர் டிஸ்க்ஸ் நீட்ஸ் டு பி செக்டு ஃபார் கன்ஸிஸ்டன்ஸி" என்று வந்தால் டர்ட்டி பிட். விண்டோஸ் 8-க்குப் பிறகு இந்த வேறுபாடு திரையில் தெளிவாகத் தெரிவதில்லை. கட்டளையில்தான் கேட்க வேண்டும்:

செக்என்டிஎஃப்எஸ் சி:

எஃப்எஸ்யூடில் டர்ட்டி கொயரி சி:

முதல் கட்டளைக்கு "ஷெட்யூல்டு மேனுவலி" என்று பதில் வந்தால் அது முன்பதிவு. நீங்கள் பதிவு செய்யவில்லை என்றால் செய்தது மென்பொருள். "இஸ் டர்ட்டி" என்று வந்தால் பிட் ஏறியிருக்கிறது. இரண்டாவது கட்டளை பிட்டின் நிலையை மட்டும் சொல்லும். டி, இ என்று மற்ற வால்யூம்கள் இருந்தால் அவற்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல நேரம் சி சுத்தமாக இருக்கும். எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிச் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்தான் திரையில் சோதனையை வரவழைத்துக்கொண்டிருக்கும்.

முதலில் பழைய அறிக்கையைப் படியுங்கள்

சோதனை முடிந்த ஒவ்வொரு முறையும் அறிக்கை ஒன்று சேமிக்கப்படுகிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போய், ஃபில்டரில் சோர்ஸ் வின்இனிட், ஈவென்ட் ஐடி 1001 கொடுங்கள். கடைசி நான்கைந்து அறிக்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாருங்கள்.

ஒவ்வொன்றிலும் "ஃபவுண்ட் நோ பிராப்ளம்ஸ்" என்றே இருந்தால் வட்டில் குறை இல்லை. சோதனை வீணாகக் கூப்பிடப்படுகிறது. "மைனர் இன்கன்ஸிஸ்டன்ஸீஸ்" என்றோ, எஸ்ஐஐ, எஸ்டிஎச் இண்டெக்ஸ்களில் பயன்படாத பதிவுகள் இத்தனை நீக்கப்பட்டன என்றோ இருந்தாலும் பதற வேண்டாம். நன்றாக ஓடும் கணினியிலும் அந்த வரிகள் வரும். விற்பனைக்கு நிற்கும் பராமரிப்புக் கருவிகள் சில, இதைத்தான் சிவப்பு எழுத்தில் "பிழை" என்று எண்ணிக் காட்டுகின்றன.

கவனிக்க வேண்டியது "கேபி இன் பேட் செக்டர்ஸ்" என்ற வரி. அதற்கு முன்னால் 0 இல்லாமல் வேறு எண் இருந்து, அறிக்கைக்கு அறிக்கை அது கூடிக்கொண்டே போனால் வட்டே தேய்கிறது. அங்கிருந்து சிஸ்டம் லாகுக்குப் போங்கள். சோர்ஸ் டிஸ்க், ஐடி 7 என்றால் படிக்க முடியாத பிளாக். ஐடி 153 என்றால் படிப்போ எழுத்தோ முதல் முயற்சியில் நடக்காமல் மறுபடி முயன்றிருக்கிறது. சோர்ஸ் என்டிஎஃப்எஸ், ஐடி 55 என்றால் கோப்பு முறைமையில் சிதைவு தென்பட்டிருக்கிறது. பெரும்பாலும் டர்ட்டி பிட் ஏறிய நேரமும் அதுதான். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கையும் ஏதாவது ஒரு கருவியில் பார்த்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 என்ற மூன்று வரிசைகளின் மூல மதிப்பு 0 ஆக இருப்பதே நல்லது. 197 ஏறிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். 199 மட்டும் ஏறினால் வட்டைக் குறை சொல்லாமல் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருள் எப்படி இந்த வளையத்தை உண்டாக்குகிறது

மூன்று விதமாக நடக்கிறது. முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து, மூன்றாவதற்கு வேறு.

முதலாவது, தானே பயந்து தானே பதிவு செய்வது. கருவியின் "தானியங்கிப் பராமரிப்பு" லாகின் ஆனதும் பின்னணியில் செக்டிஸ்க்கைத் திருத்தாமல் பார்க்க மட்டும் ஓட்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவைப் பூட்ட முடியாது. பார்க்கும்போதே கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும். அதனால் இல்லாத பிழைகளும் இருப்பதுபோல் அறிக்கையில் வரலாம். கருவி அதை நம்பி அடுத்த பூட்டுக்கு, அதாவது கணினி அடுத்து எழும் நேரத்துக்கு, சோதனையைப் பதிவு செய்கிறது. எழும்போது சோதனை நடந்து "குறை எதுவும் இல்லை" என்று முடிகிறது. லாகின் ஆனதும் கருவி மறுபடி பார்க்கிறது, மறுபடி பயப்படுகிறது. வளையம் முழுமையாகிவிட்டது.

இரண்டாவது, மிச்சம் மீதி. பூட் டைம் டிஃப்ராக், பூட் டைம் கிளீனிங் போன்ற வசதிகள் பூட் எக்ஸிக்யூட் பட்டியலில் தங்கள் வரியைச் சேர்த்துக்கொள்கின்றன. அன்இன்ஸ்டால் செய்யும்போது நிரல் போய்விடும், வரி அங்கேயே தங்கிவிடும். "ஆட்டோசிஎச்கே புரோகிராம் நாட் ஃபவுண்ட், ஸ்கிப்பிங் ஆட்டோசெக்" என்று ஒரு கணம் மின்னி மறைந்தால் இதுவாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. முன்பதிவு வரியைச் சோதனை முடிந்ததும் விண்டோஸே நீக்கிவிடும். ஆனால் ரெஜிஸ்ட்ரியைக் "காப்பாற்றும்" கருவி, பழைய நகலிலிருந்து அதே வரியை மறுபடி கொண்டுவந்து வைத்தால் முன்பதிவு சாகவே சாகாது.

மூன்றாவதுதான் முரட்டு வகை. கருவியோடு வந்த டிரைவர் (விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் துணை நிரல்) ஒன்று பூட்டின் தொடக்கத்திலேயே ஏறி வால்யூமைப் பிடித்துக்கொள்கிறது. சோதனை நிரலால் வால்யூமைத் திறக்க முடிவதில்லை. டர்ட்டி பிட்டை இறக்கும் வேலை செக்டிஸ்க்குடையது. அதுவே நுழைய முடியாவிட்டால் பிட் அப்படியே நிற்கும், அடுத்த பூட்டிலும் சோதனை முயலும், தோற்கும். விஸ்டா, விண்டோஸ் 7 கணினிகளில் இதற்கென்றே ஒரு செய்தி உண்டு: "கேனாட் ஓபன் வால்யூம் ஃபார் டைரக்ட் ஆக்சஸ்", அண்மையில் நிறுவிய மென்பொருளால் சோதனையை ஓட்ட முடியவில்லை என்ற விளக்கம், அடைப்புக்குள் 766எஃப்6சி756டி652இ63 என்று ஒரு குறியீடு. பெரிய மர்மம் போலத் தெரியும் அந்தக் குறியீடு, ஹெக்ஸ் எண்களாக எழுதப்பட்ட வெறும் எழுத்துகள்தான். மாற்றிப் படித்தால் "வால்யூம்.சி" என்று வரும். பார்த்தால் ஏதோ ஒரு மூலநிரல் கோப்பின் பெயர். அதைக் கொண்டு தேடி அலைவதில் பயன் இல்லை.

முன்பதிவு வகைக்குத் தீர்வு

வரிசை முக்கியம். கருவியை அடக்காமல் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தினால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

1. கருவியைத் திறந்து தானியங்கிப் பராமரிப்பு, டிஸ்க் ரிப்பேர், பூட் டைம் டிஃப்ராக் மூன்றையும் அணையுங்கள். அன்இன்ஸ்டால் செய்வதாக இருந்தாலும் இதை முதலில் செய்ய வேண்டும். அப்போதுதான் அது தான் சேர்த்த வரியைத் தானே எடுக்கும்.

2. டாஸ்க் ஷெட்யூலரில் கருவியின் பெயரில் உள்ள வேலைகளை டிசேபிள் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், செக்டிஸ்க் என்ற கிளையில் புரோஆக்டிவ்ஸ்கேன் என்று ஒன்று இருக்கும். அது விண்டோஸுடையது, தொடாதீர்கள்.

3. ரெஜ்எடிட் திறந்து எச்கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று போங்கள். செஷன் மேனேஜர் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

4. வலப்பக்கம் பூட் எக்ஸிக்யூட்டை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பல வரி எழுதக்கூடிய பெட்டி திறக்கும். /பி அல்லது /ஆர் என்ற குறியோடு \??\சி: என்று முடியும் வரி முன்பதிவு. கருவியின் பெயர் சாயலில் இருப்பது அதன் மிச்சம். இவற்றை நீக்கி, ஆட்டோசெக் ஆட்டோசிஎச்கே * என்ற வரியை அப்படியே விட்டுவையுங்கள். ஆட்டோசிஎச்கே என்பதில் முதல் நான்கு எழுத்து ஏ-யூ-டி-ஓ, அதன் பின் சி-எச்-கே, பிறகு ஓர் இடைவெளி, நட்சத்திரம்.

ஆன்டிவைரஸின் பூட் ஸ்கேன் வரியும் அங்கே இருக்கலாம். எது யாருடையது என்று தெரியாவிட்டால் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியில் "பூட் எக்ஸிக்யூட்" டேபைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் உரிய கோப்பு எங்கே, யார் வெளியிட்டது என்று காட்டும். கோப்பே இல்லாத அனாதை வரி மஞ்சளில் தெரியும்.

5. ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வது இங்கே உதவாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்னேட். விண்டோஸின் கெர்னல் முழுதாக இறங்கி ஏறுவது ரீஸ்டார்ட்டில்தான்.

விண்டோஸுக்குள் நுழையவே முடியாத நிலை என்றால், விண்டோஸுக்கு வெளியே ஓடும் பழுதுபார்ப்பு இடமான ரெக்கவரி சூழலின் கமாண்ட் பிராம்ப்டில் ரெஜ்எடிட் என்று தட்டலாம். எச்கே லோக்கல் மெஷினைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, உங்கள் விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, கான்ஃபிக் உள்ளே இருக்கும் சிஸ்டம் என்ற கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றுங்கள். அங்கே கரன்ட் கன்ட்ரோல் செட் இருக்காது. செலெக்ட் என்ற கிளையில் கரன்ட் என்பதன் மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் கன்ட்ரோல்செட்001-ல் திருத்த வேண்டும். முடித்ததும் அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்காதீர்கள்.

டர்ட்டி பிட் வகைக்குத் தீர்வு

எஃப்எஸ்யூடில் கட்டளையால் டர்ட்டி பிட்டை ஏற்றலாம், இறக்க முடியாது. அதை இறக்கச் சோதனை ஒருமுறை முழுதாக நடந்தாக வேண்டும். மூன்றாம் பூட்டிலும் பிட் நிற்கிறது என்றால் டிரைவர் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த டிரைவர் ஏறாத இடத்திலிருந்து சோதனையை ஓட்டுவதே நேர்வழி. அந்த இடம் ரெக்கவரி சூழல்.

வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட்.

இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். உங்கள் சி இங்கே டி ஆக இருக்கலாம். டிஸ்க்பார்ட் என்று தட்டி, லிஸ்ட் வால்யூம் கொடுத்து, அளவை வைத்து அடையாளம் கண்டு, எக்ஸிட் கொடுத்து வெளியே வாருங்கள். டிர் டி: என்று தட்டி விண்டோஸ், யூசர்ஸ் கோப்புறைகள் தெரிகின்றனவா என்று உறுதி செய்த பின்:

செக்டிஸ்க் டி: /எஃப்

வால்யூமை டிஸ்மவுன்ட் செய்யலாமா என்று கேட்டால் ஒய். முதல் மூன்று கட்டங்கள் மட்டும் ஓடும்: கோப்புப் பதிவுகள், பெயர் இணைப்புகள், பாதுகாப்புக் குறிப்புகள். எஸ்எஸ்டி என்றால் வழக்கமாகச் சில நிமிடம்.

/எஃப்-க்குப் பதில் /ஆர் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. /ஆர் என்பது /எஃப் செய்வதோடு நிற்காமல், கோப்புகள் உள்ள இடம், காலி இடம் என்று ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்ப்பது. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் கிட்டத்தட்ட 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். செக்டர் கெட்டிருந்தால் நாள் கணக்கில் போகும். ஏற்கெனவே சாகக் கிடக்கும் வட்டை அது இன்னும் அலைக்கழிக்கும். லாகில் ஐடி 7 இல்லாதவரை /எஃப் போதும்.

சதவீதம் ஓரிடத்திலேயே நிற்கிறதே என்று பவர் பட்டனை அழுத்தாதீர்கள். திருத்தி எழுதும் நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் போலிப் பிழை நிஜப் பிழையாகிவிடும்.

முடிந்து விண்டோஸுக்குள் வந்ததும் எஃப்எஸ்யூடில் டர்ட்டி கொயரி சி: மறுபடி. "நாட் டர்ட்டி" என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. தடுத்த டிரைவரைக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி.

எஃப்எல்டிஎம்சி ஃபில்டர்ஸ் என்று தட்டினால் கோப்பு முறைமையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டிரைவர்கள் வரிசையாக வரும். டபிள்யூடிஃபில்டர் டிஃபெண்டருடையது. எல்யூஏஎஃப்வி, ஃபைல்இன்ஃபோ, டபிள்யூஓஎஃப், பைண்ட்எஃப்எல்டி, சிஎல்டிஎஃப்எல்டி இவையும் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். இவற்றைக் கழித்தபின் நிற்பவை ஆன்டிவைரஸ், பேக்கப், என்கிரிப்ஷன், பராமரிப்புக் கருவிகளுடையவை. பட்டியலில் வராத பழைய வகை டிரைவர்களை ஆட்டோரன்ஸின் டிரைவர்ஸ் டேபில் பார்க்கலாம்.

எம்எஸ்கான்ஃபிக் வழியாக கிளீன் பூட் செய்து பார்க்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். அது சர்வீஸ்களையும் ஸ்டார்ட்அப் நிரல்களையும்தான் நிறுத்தும், டிரைவர்களை விட்டுவிடும். அதில் குணம் தெரியவில்லை என்பதற்காகக் கருவியைக் குற்றமற்றது என்று விட்டுவிடக் கூடாது.

டிரைவர் கோப்பை நேராக அழிக்கும் ஆசை வரும். வேண்டாம். வட்டு வகைக்கான அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவில் அதன் பெயர் நின்று, கோப்பு மட்டும் இல்லாமல் போனால் விண்டோஸ் பூட் வட்டையே காணாமல் நீலத் திரையில் நின்றுவிடும். முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அது நடக்காவிட்டால் நிறுவுவதற்கு முந்தைய ரீஸ்டோர் பாயின்ட்டுக்குப் போங்கள்.

பிட் திரும்பத் திரும்ப ஏறினால்

கருவியை நீக்கி, சோதனையும் முடித்து, இரண்டு நாளில் பிட் மறுபடி ஏறுகிறதா? ஐடி 55-ன் நேரத்தைப் பாருங்கள். கருவியின் ஷெட்யூல் நேரத்தோடு பொருந்தினால் எங்கோ மிச்சம் இருக்கிறது. மின்வெட்டு நேரத்தோடு பொருந்தினால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும்: டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், உங்கள் வட்டு, பாலிசீஸ் டேப். அங்கே "டர்ன் ஆஃப் விண்டோஸ் ரைட் கேஷ் பஃபர் ஃபிளஷிங்" என்ற இரண்டாவது பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூட்டுகிறேன் என்று சில கருவிகள் இதை டிக் செய்துவிட்டுப் போய்விடும். மின்சாரம் போகும் நொடியில் கேஷில் இருந்ததெல்லாம் போகும். லினக்ஸோடு இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே வைக்க வேண்டும். இது எதுவுமே இல்லை என்றால் ராம் நினைவகத்தைச் சோதியுங்கள்.

சோதனையை நிறுத்தி வைப்பது

செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் சி: என்று கொடுத்தால் பிட் ஏறியிருந்தாலும் சி சோதிக்கப்படாது. திரை வராது, பிட் இறங்காது, உண்மையான சிதைவு இருந்தால் சத்தமில்லாமல் வளரும். அவசர வேலை முடியும்வரை ஓரிரு நாள் பொறுக்கலாம், அதற்கு மேல் கூடாது. பலர் தவறுவது இங்கே: இந்தக் கட்டளை முந்தையதோடு சேராது. முதலில் சி-க்கும் பிறகு தனியாக டி-க்கும் கொடுத்தால் டி மட்டும் விலக்கில் நிற்கும், சி பழையபடி சோதனைக்கு வரும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். விலக்கை எடுக்க செக்என்டிஎஃப்எஸ் /டி. ரத்து செய்யக் கிடைக்கும் 8 நொடி போதவில்லை என்றால் செக்என்டிஎஃப்எஸ் /டி:30 என்று கூட்டிக்கொள்ளலாம். இந்த டி "டைம்" என்பதன் முதல் எழுத்து, விலக்கை எடுக்கும் டி "டிஃபால்ட்" என்பதன் முதல் எழுத்து, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு முறையும் லாகின் ஆகிப் பத்து நிமிடம் கழித்து செக்என்டிஎஃப்எஸ் சி: கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் ஏன் என்றால், தானியங்கிப் பராமரிப்பு பெரும்பாலும் லாகின் ஆனவுடன் ஓடாமல் கொஞ்சம் தாமதித்துத்தான் ஓடும். கருவியை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பவர்கள் தற்காலிகக் கோப்பு நீக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, டிஸ்க் ரிப்பேர், ரெஜிஸ்ட்ரி கிளீனிங், பூட் டைம் டிஃப்ராக் மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். வட்டைச் சோதிக்க வேண்டும் என்று தோன்றினால் விண்டோஸ் ஓடும்போதே செக்டிஸ்க் சி: /ஸ்கேன் கொடுக்கலாம், விண்டோஸ் 8 முதல் இது ரீஸ்டார்ட் கேட்காமல் வேலை செய்யும்.